அவரைக் கேட்டுவிட்டு, மற்றவர்களிடம் பேசுங்கள்

கேள்வி: ஆம்பூர் அருகே ஒரு ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது 43. என் லைனில் முப்பதுக்கும் மேற்பட்ட பெண்கள். கட்டிங் பிரிவில் நான்கு ஆண்டுகள் ஆணாக வேலை பார்த்தவர், நீண்ட விடுப்பு முடிந்து இப்போது திருநங்கையாக, புதுப் பெயரோடு திரும்பியிருக்கிறார். "உங்கள் லைனில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஹெச்.ஆரில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நல்ல கை, அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைப்பதில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டு பெண்கள் அவரோடு ஒரே கழிப்பறையைப் பயன்படுத்த மாட்டோம் என்கிறார்கள். கம்பெனி பஸ்ஸில் பையன்கள் கேலி பேசுகிறார்கள். ஆபரேஷன் ஆகிவிட்டதா என்று வயதானவர்கள்கூட முகத்துக்கு நேரே கேட்கிறார்கள். பேரணாம்பட்டுப் பக்கம் இருக்கும் அவருடைய வீட்டில் சேர்த்துக்கொள்ளவில்லையாம். மகளிர் தினத்தன்று மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தலாம் என்று நினைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர், "உனக்கு எதுக்கு இந்த வம்பு" என்கிறார். இதே லைனில் முடியைக் கிராப் வெட்டிக்கொண்டு, ஆண்கள் சட்டை போட்டு வரும் இருபது வயதுப் பெண் ஒருத்தியும் இருக்கிறாள். அவளிடமும் பேச வேண்டுமா? நல்லது செய்யப் போய் அவர்களுக்கே இடைஞ்சலாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் அவருடைய பழைய பெயரையும் எழுதவில்லை, புதுப் பெயரையும் எழுதவில்லை. இந்தக் கவனம் உங்களிடம் இருப்பதால்தான் நம்பிக்கையோடு பதில் எழுதுகிறேன். இடைஞ்சலாகிவிடுமோ என்ற உங்கள் பயமும் நியாயமானது. வேலூரில் மனநலச் சமூகப் பணியாளராக நான் சந்திக்கும் திருநங்கைகளும் திருநம்பிகளும் (பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு, ஆணாக வாழ்கிறவர்கள்) சொல்லும் மனக்குறைகளில் கணிசமானவை, தங்களை ஒரு வார்த்தை கேட்காமலே தங்களுக்காக முடிவெடுத்துவிட்ட நல்லவர்களைப் பற்றியவை. ஆகவே எதைச் செய்வதானாலும் முதலில் அவரைக் கேளுங்கள். அதன் பிறகு மற்றவர்களிடம் பேசுகிற வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த இரண்டாவது வேலையைத்தான் அவரால் தனியாகச் செய்ய முடியாது, சூப்பர்வைசராகிய உங்களால் முடியும்.

கேட்பதை மெஷின் பக்கத்தில் நின்றபடியோ டீ இடைவேளையில் பத்துப் பேர் நடுவிலோ கேட்காதீர்கள். ஷிப்ட் முடிந்து பஸ் கிளம்புவதற்கு முன் கிடைக்கும் பத்து நிமிடம் போதும். எந்தப் பெயரில், எப்படிக் கூப்பிட வேண்டும், யார் யாருக்கு எவ்வளவு தெரியும், யாராவது கேலி செய்தால் நீங்கள் அங்கேயே தட்டிக் கேட்கலாமா, அல்லது பிற்பாடு அந்த ஆளைத் தனியாக அழைத்துக் கண்டிப்பதுதான் அவருக்கு நிம்மதியா, இவற்றைக் கேளுங்கள். சிலருக்குத் தங்களுக்காக ஒருவர் குரல் கொடுப்பது தெம்பு தரும். சிலருக்கோ அந்தக் கூச்சலால் இன்னும் நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பதுதான் மிச்சமாகும். அவர் எந்த வகை என்று உங்களாலோ என்னாலோ ஊகிக்க முடியாது.

இன்னொன்றையும் மறக்காமல் கேளுங்கள். வேலையில் திடீரென்று மயக்கம் வந்தாலோ விரலில் ஊசி ஏறிவிட்டாலோ யாருக்கு போன் செய்ய வேண்டும்? கம்பெனிப் பதிவேட்டில் இன்னமும் அவருடைய அப்பாவின் எண்தான் இருக்கக்கூடும். வீட்டைவிட்டு வந்த திருநங்கைகள் பலருக்கு, அவர்களைத் தத்தெடுத்து மகளாக ஏற்றுக்கொண்ட மூத்த திருநங்கை ஒருவர் அம்மா முறையில் இருப்பார்; காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பது அவர்தான். அந்த எண்ணைப் பதிவேட்டில் ஏற்றித் தருவது உங்களுக்கு ஐந்து நிமிட வேலை.

பெயரைப் பொறுத்தவரை, லைனில் நீங்கள் என்ன சொல்லி அழைக்கிறீர்களோ அதைத்தான் மற்றவர்களும் பிடித்துக்கொள்வார்கள். பக்கத்து மெஷின் பெண்ணை எப்படி "வாம்மா, இந்தக் கட்டை எடுத்துக்கோ" என்கிறீர்களோ, அதே குரலில் அவரையும் கூப்பிடுங்கள். நான்கு வருடப் பழக்கத்தில் வாய் தவறிப் பழைய பெயர் வந்துவிட்டால், உடனே திருத்திச் சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். நீளமாக மன்னிப்புக் கேட்டால், கடைசியில் அவர்தான் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும்.

இனி, கழிப்பறை. உங்கள் கடிதத்தில் இது ஒரு வரியாகத்தான் வருகிறது. என் கணக்கில் எல்லாவற்றையும்விட அவசரமானது இதுதான். பிரச்சினை வரும் என்று தெரிந்த திருநங்கை ஊழியர்கள் அதை எதிர்த்துச் சண்டை போடுவது அபூர்வம். பெரும்பாலும் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொள்கிறார்கள். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர், காலையில் கம்பெனி வண்டி ஏறியதிலிருந்து மாலை இறங்கும்வரை ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்காமல், மதியச் சோற்றில் குழம்பைக்கூடக் குறைத்து ஊற்றிக்கொள்வதைப் பழக்கமாக்கியிருந்தார். நம் வேலூர்ப் பக்கத்துக் கோடையில், பசை நெடியும் மெஷின் சூடும் இருக்கும் ஹாலில் இப்படி இருந்தால் சிறுநீர்ப் பாதைத் தொற்றும் கல்லடைப்பும் வருவதற்கு அதிக நாள் ஆகாது. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குச் சிறுநீர்த் துவாரம் குறுகிப்போகும் சிக்கல் வருவதுண்டு. ஆண் ஹார்மோனைக் கட்டுப்படுத்தத் தரப்படும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையோ சிறுநீரை அடிக்கடி பிரியச் செய்யும். அவர் எந்தச் சிகிச்சையில் இருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை; அவருடைய தண்ணீர் பாட்டில் மாலைவரை நிறைந்தபடியே இருக்கிறதா என்பதைக் கவனித்தாலே விஷயம் புரிந்துவிடும்.

மறுக்கிற அந்த இரண்டு பெண்களையும் தனித்தனியாக அழைத்துப் பேசுங்கள், சேர்த்து வைத்து வேண்டாம். "உனக்கு என்னம்மா பயம்?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் முடிக்கும்வரை காத்திருங்கள். இப்படிப் பேசும்போது பல இடங்களில் வெளிவருவது கதவில் தாழ்ப்பாள் சரியில்லை, மேலே இடைவெளி இருக்கிறது, விளக்கு எரிவதில்லை என்ற பழைய குறைகளே. அவை எல்லாப் பெண்களுக்குமான குறைகள், அவற்றைச் சரிசெய்யச் சொல்லி மெயின்டனன்ஸுக்கு எழுதிக் கொடுங்கள். இன்னும் சிலருக்கு உண்மையிலேயே ஒரு கெட்ட அனுபவம், ஓர் ஆணால் நேர்ந்தது, மனத்தில் இருக்கும். அதைக் கேலி செய்துவிடாதீர்கள். ஆனால் அந்தப் பழைய காயத்துக்குப் பக்கத்து மெஷினில் தைக்கும் ஒரு பெண் பொறுப்பாளி ஆகமாட்டார் என்பதை மென்மையாக, தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகும் ஒருத்தி ஒத்துக்கொள்ளவில்லையென்றால், வேறு நேரத்திலோ வேறு கழிப்பறைக்கோ போக வேண்டியவர் மறுக்கிறவர்தான்.

நிர்வாகத்திடம் பேசும்போது சட்டத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திருநர் (திருநங்கைகள், திருநம்பிகள் உள்ளிட்டோர்) உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2019இல் இயற்றப்பட்டு 2020 ஜனவரி 10 முதல் நடைமுறைக்கு வந்தது. வேலைக்கு எடுப்பது, பதவி உயர்வு உள்ளிட்ட எதிலும் திருநர்களிடம் எந்த நிறுவனமும் பாகுபாடு காட்டக் கூடாது என்றும், அவர்களுடைய புகார்களைக் கவனிக்க ஓர் அலுவலரை நியமிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. அதன்கீழ் வந்த 2020ஆம் ஆண்டு விதிகள், எல்லாப் பாலினத்தவரும் பயன்படுத்தத்தக்க கழிப்பறை போன்ற வசதிகளையும் குறிப்பிடுகின்றன. அப்படி ஒன்று கட்டுவதாக நிர்வாகம் முன்வந்தால் நல்லது. தாழ்ப்பாள் உள்ள தனி அறையாக, யார் வேண்டுமானாலும் போகக்கூடியதாக இருக்கட்டும். "இது அவருக்கு மட்டும்" என்று பலகை மாட்டி, ஹாலின் கோடியில் ஓர் அறையை ஒதுக்கினால், அதற்கு நீங்கள் சம்மதிக்காதீர்கள். ஒருவேளை அவரே அதைக் கேட்டால் அப்போது பேச்சு வேறு. 2025 அக்டோபரில், பள்ளிகளில் வேலை மறுக்கப்பட்ட திருநங்கை ஆசிரியை ஒருவருக்கு இழப்பீடு வழங்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது என்பதையும் ஹெச்.ஆரிடம் சொல்லலாம், வெளிநாட்டு பிராண்டுகளுக்குத் தைத்துக் கொடுக்கும் கம்பெனிகளுக்கு இந்தப் பேச்சு சீக்கிரம் காதில் விழும்.

ஆபரேஷன் பற்றிய கேள்விகளுக்கு வருகிறேன். கேட்கிற மூத்தவர்கள் பலரிடம் கெட்ட எண்ணம் இருக்காது. யாருக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள், யாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று பேசிக்கொள்ளும் பழக்கத்தில் இதையும் கேட்டுவிடுகிறார்கள். ஆனாலும் கேட்கப்படுவது ஒருவருடைய மறைவிடத்தைப் பற்றி என்பதை அவர்கள் உணர வேண்டும். "அது அவங்க உடம்பு அக்கா, நம்மள யாராவது இப்படிக் கேட்டா நாம சும்மா இருப்போமா?" என்று நீங்கள் ஒருமுறை அமைதியாகச் சொன்னால், நம் பக்கத்துப் பெண்களுக்கு அது போதும். அறுவைச் சிகிச்சை செய்துகொண்டால்தான் திருநங்கை என்று இல்லை. செய்துகொள்ளாதவர்களும், உடல்நிலையாலோ பணமில்லாமலோ தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய நால்சா தீர்ப்பு, ஒருவர் தன் பாலினத்தைத் தானே உணர்ந்து சொல்லும் உரிமையை ஏற்றது. அதற்கு அறுவைச் சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்றும் சொன்னது. இது மனநோயா என்று யாராவது கேட்டால், இல்லை என்று உறுதியாகச் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டுப் பட்டியலில், இதை மனநலக் கோளாறுகளின் வரிசையிலிருந்து எடுத்துவிட்டது.

பஸ்ஸில் கேலி செய்கிற பையன்களுக்கு மட்டும் பேச்சு போதாது. அவர் சம்மதித்தால், எந்த நாள், எந்த வண்டி, யார், என்ன சொன்னார்கள் என்று நான்கு வரியில் எழுதி, புகார் அலுவலரிடம் கொடுங்கள். சாட்சியாக உங்கள் கையெழுத்தும் இருக்கட்டும். சொல்லால் துன்புறுத்துவதும் 2019 சட்டத்தின் 18ஆம் பிரிவில் தண்டனைக்குரிய குற்றம். 6 மாதத்துக்குக் குறையாமல் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நடைமுறையில், பையன்களின் சூப்பர்வைசர் அவர்களை அழைத்து இதைச் சொல்லிவிட்டாலே பெரும்பாலும் அடங்கிவிடுவார்கள். அவர் வண்டியில் இல்லாத நாளில் அவரைப் பற்றி நடக்கும் பேச்சுக்கும் நீங்கள் காது கொடுக்க வேண்டும். அவர் முன்னால் மரியாதையாக இருந்துவிட்டு, இறங்கியதும் சிரிப்பில் சேர்ந்துகொள்கிறவர்களை அவரும் அறிவார்.

சாமி குற்றம், மார்க்கத்துக்கு விரோதம் என்று பேசுகிறவர்கள் உங்கள் ஹாலில் இருக்கலாம். திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் விடியவிடிய உட்கார்ந்து, அரவான் களப்பலி பார்த்துக் கண் கலங்குகிற ஊர்க்காரர்கள் நாம். கண்ணனே மோகினியாகி அரவானுக்கு மாலையிட்டதை நம்பிக் கூவாகத்தில் தாலி கட்டிக்கொள்கிறவர்களை அடுத்த நாள் தெருவில் பார்த்தால் முகம் சுளிப்பது எப்படிப் பொருந்தும் என்று எனக்கு விளங்கியதில்லை. ஆனாலும் இந்தக் கதையை அளவோடு சொல்லுங்கள். உங்கள் லைனில் இஸ்லாமியப் பெண்களும் கிறிஸ்தவப் பெண்களும் இருப்பார்கள். தவிர, ஒருவர் உழைத்துச் சாப்பிடுவதற்குப் புராணத்தின் சாட்சி தேவையில்லை. எனக்கு இதைவிட வலுவாகத் தோன்றுவது, 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் வேலூர் மாநகராட்சியின் 37ஆவது வார்டு மக்கள் கங்கா நாயக் என்ற திருநங்கையை மாமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. தெருவிளக்குக்கும் குடிதண்ணீருக்கும் தங்களுக்காகப் பேச இவர் சரியான ஆள் என்று நம் ஊர் ஜனங்கள் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள்.

பொன்னாடை யோசனையை, தயவுசெய்து, இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அவர் அங்கே வந்தது தையல்காரராக. மகளிர் தினத்தில் லைனில் எல்லாருக்கும் கொடுக்கும் அதே பரிசை, அதே வரிசையில் நிற்க வைத்து அவருக்கும் கொடுங்கள். மேடையில் எடுக்கும் படம் அன்று மாலையே பேரணாம்பட்டில் அவருடைய சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப்பில் இருக்கும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

அதற்குப் பதிலாக அவருக்கு நிஜமாகவே உதவக்கூடியது காகித வேலை. பி.எஃப். கணக்கிலும் ஆதாரிலும் பெயரோ பாலினமோ வேறுவேறாக இருந்தால், அவசரத்துக்குப் பணம் எடுக்கும்போது விண்ணப்பம் நின்றுவிடும், இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் பழைய பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார்கள். மாவட்ட ஆட்சியரிடம் அடையாளச் சான்றிதழ், அதைக் கொண்டு ஆதார், பிறகு வங்கி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று ஒன்றன்பின் ஒன்றாக மாற்ற வேண்டியிருக்கும். விதிமுறைகள் மாறக்கூடியவை என்பதால், இன்றைய நடைமுறை என்னவென்று மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்வது நல்லது. இதற்கெல்லாம் அவருக்குச் சில அரை நாள் அனுமதி வேண்டும். சம்பளம் பிடிக்காமல் அதை வாங்கித் தர முடியுமா என்று பாருங்கள். மாதக் கடைசி டார்கெட் நெருக்கடியில் சொல்லாதீர்கள். மாதத் தொடக்கத்திலேயே ஹெச்.ஆரிடம் பேசிவிடுங்கள். சான்றிதழ் கைக்கு வரும்வரைகூட, வருகைப் பலகையிலும் டோக்கனிலும் அவர் விரும்பும் பெயரை எழுத எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. சட்டச் சிக்கல் ஏதாவது எழுந்தால் இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது.

கிராப் வெட்டிய பெண்ணைப் பற்றி: அவளிடம் எதையும் கேட்காதீர்கள். அவள் திருநம்பியாக இருக்கலாம். முடியைச் சின்னதாக வைத்துக்கொள்ளப் பிடித்த பெண்ணாக மட்டுமே இருக்கலாம். தனக்கே இன்னும் தெரியாமல் இருக்கலாம். ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்று ஊர் போட்ட வரையறைக்குள் நிற்காதவர்கள் எல்லாரும் திருநர் அல்லர். அவளுடைய உடுப்பைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், கோட்டு மாட்டிக்கொண்டு வேலையை ஒழுங்காகச் செய்கிறாள், அவ்வளவுதான் இங்கே பேச்சு என்று முடித்துவிடுங்கள். மற்றவரை நீங்கள் நடத்தும் விதத்தை அவள் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருப்பாள். பேச வேண்டும் என்று தோன்றும் நாளில் உங்களிடம் வருவாள். ஒன்றில் மட்டும் விழிப்பாக இருங்கள். இவளை மாற்றித் தருகிறேன் என்று சொல்லும் டாக்டரிடமோ மந்திரவாதியிடமோ வீட்டார் அழைத்துப்போகும் பேச்சு வந்தால், அது சிகிச்சை அல்ல என்று சொல்லுங்கள். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய மாற்று முயற்சிகளைத் தடை செய்யச் சொன்னது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம், அதில் ஈடுபடுவது மருத்துவருக்குரிய ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது.

உங்கள் வீட்டுக்காரரிடம் வாதாட வேண்டாம். ஒரு லைனில் இருக்கிற எல்லாருக்கும் பாதுகாப்பு கொடுப்பது சூப்பர்வைசர் வேலையில் அடக்கம் என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட.

அவருடைய குடும்பத்தைச் சமாதானப்படுத்தப் பேரணாம்பட்டுக்குப் புறப்படுவதை, அவரே கேட்டாலொழியச் செய்யாதீர்கள். வீட்டில் என்ன நடந்தது, யார் அடித்தார்கள், யார் ரகசியமாகப் போனில் பேசுகிறார்கள் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். பல வீடுகளில் முதலில் இளகுவது அம்மாவோ அக்காவோதான்; அதற்கு வருடக்கணக்கில்கூட ஆகலாம். அதுவரை அவர் தனிமையில் உடைந்துபோகாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும் லைனே ஊருக்குக் கிளம்பும் நாட்களை எண்ணிப் பாருங்கள்; வீட்டில் சேர்க்கப்படாதவர்களுக்கு அந்த நாட்கள் கடினமானவை. வழக்கத்துக்கு மாறாகப் பேசாமல் இருப்பது, சாப்பாட்டை ஒதுக்குவது, தன் பொருள்களைப் பிறருக்குக் கொடுப்பது, இருந்து என்ன ஆகப்போகிறது என்று பேசுவது ஆகியவற்றைப் பார்த்தால் தள்ளிப்போடாமல் நேரடியாகக் கேளுங்கள்; சாகத் தோன்றுகிறதா என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. டெலிமானஸ் என்ற மத்திய அரசின் மனநல உதவி எண் 14416, தமிழ்நாடு அரசின் 104 ஆகிய எண்களில் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். எண்ணை அவரிடம் கொடுப்பதற்கு முன், நீங்களே ஒருமுறை அழைத்து, ஒரு திருநங்கைத் தோழிக்காகக் கேட்கிறேன் என்று சொல்லி, எதிர்முனையில் எப்படிப் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். அப்போது, "நான் பேசிப் பார்த்தேன், மரியாதையாகத்தான் பேசினாங்க" என்று உங்களால் அவரிடம் சொல்ல முடியும்.